கயாவோ துறைமுகத்தில் மூன்று வாரம்: என்ன சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம்?

காப்பார் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்குப் பார்க்கும் வேலை. கம்பெனி என்னை மூன்று வாரத்துக்குப் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்துக்கு அனுப்புகிறது. மாடு, பன்றி தொடமாட்டேன். மீன், இறால், நண்டு என்றால் உயிர். அங்கே மீனைப் பச்சையாகச் சாப்பிடுவார்களாமே, நாம் சாப்பிடலாமா? வெளியில் சாப்பிட எங்கே போவது, எப்படிக் கேட்பது? சம்பல் போத்தல் ஏதாவது கட்டிக்கொண்டு போகவா, அண்ணே?"

சரி தங்கச்சி, பதினோரு வருஷம் சரக்குக் கப்பலில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது காப்பாரில் காலையில் நாசி லெமாக் கட்டி விற்கிறேன். தென் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் இறங்கித் தின்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரம். நம் பக்கம் கடல் உணவு என்றால் ராத்திரிச் சங்கதி. சம்பளம் போட்ட வாரம் குடும்பமாக வேனில் ஏறி, எட்டு மணிக்கு மேல் தெலுக் கோங் பக்கம் போய், நண்டை உடைத்துவிட்டுப் பத்தரைக்கு வீடு திரும்புவோம். பெருவில் அப்படியே தலைகீழ். அங்கே கடல் உணவு மத்தியானச் சாப்பாடு. செவிச்சே என்கிற பச்சை மீன் பதார்த்தம் விற்கும், செவிச்செரியா என்று பலகை போட்ட கடைகள் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கு நாற்காலியைக் கவிழ்த்துவிடுவார்கள். விடியற்காலையில் படகு வந்து இறக்கிய மீன், ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மத்தியானம் வரைதான் தாங்கும். ஐஸ் பெட்டி வந்தும் பழக்கம் போகவில்லை. லீமாவில் சுற்றுலாக்காரர்கள் புழங்கும் பகுதிகளில் ராத்திரியும் கிடைக்கும். ஆனால் கயாவோக்காரர்களிடம் ராத்திரி செவிச்சே வேண்டும் என்று கேட்டால், நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு இட்லி கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை இறங்கிய அன்று ராத்திரி எட்டு மணிக்குத் துறைமுக வாசலை ஒட்டிய ஒரு கொட்டகைக் கடையில் உட்கார்ந்து ஒரு தட்டு செவிச்சே வாங்கினேன். சாப்பிட ஆள் யாரும் இல்லாததை நல்ல வசதி என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் கிளம்பி இரண்டு நாள் வரைக்கும் எனக்குக் கழிவறைதான் கேபின். சமையல்காரன் படுத்துவிட்டதால் மற்ற எல்லாரும் பிஸ்கட் தின்றார்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துக் கூட்டினால் "கல்லாவோ" என்று வாய் போகும். ஸ்பானிஷ் மொழியில் அந்த இரட்டை எல் யகரம். அதனால் கயாவோ. லீமாவோடு ஒட்டியே இருக்கிறது. லீமா விமான நிலையம் இருப்பதே கயாவோவில்தான். நம் ஊர் நேரத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் பின்னால். ஆகவே முதல் நான்கு நாள் உங்கள் வயிற்றுக்கு எது மத்தியானம் என்றே தெரியாது. அந்த நாட்களில் வேகாத மீன் பக்கம் போகாதீர்கள்.

இனி பச்சை மீன் விவகாரம். செவிச்சே என்பது வேகாத மீனை எலுமிச்சைச் சாற்றில் பிரட்டித் தருவது. கயாவோவின் லா புந்தா பக்கம் ஒரு கடையில் மேடையை ஒட்டி உட்கார்ந்து, அந்த ஆள் செய்வதை முழுக்கப் பார்த்தேன். லெங்குவாதோ என்கிற தட்டை மீனைத் தாயக்கட்டை அளவுக்கு வெட்டினார். முதலில் உப்பு மட்டும் போட்டு ஒரு கலக்கு. குண்டானின் உள்பக்கம் முழுக்க ஒரு வெட்டின மிளகாயைத் தேய்த்தார். அப்புறம் எலுமிச்சை. நம் லிமாவ் நிப்பிஸ் போலச் சின்னதும் பச்சையுமான பழம். பாதிதான் பிழிந்தார், மீதியை வீசிவிட்டார். இறுக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டுக் கரண்டியால் நான்கு சுற்று சுற்றி, ஐஸைப் பொறுக்கி எடுத்துவிட்டார். கழுவிய சிவப்பு வெங்காயத்தை மேலே தூவித் தட்டை என் முன்னால் தள்ளினார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் இருக்காது. முன்பெல்லாம் மணிக்கணக்கில் ஊற வைப்பார்களாம். குடியேறிய ஜப்பானியர் வழி வந்த சமையல்காரர்கள் கை வைத்த பிறகு ஊறும் நேரம் நிமிஷக் கணக்காகிவிட்டது. ஜப்பானியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 1899ல் வந்து சேர்ந்ததும் இதே கயாவோவுக்குத்தான்.

தட்டில் ஒரு பக்கம் அவித்த சர்க்கரைவள்ளி, ஒரு பக்கம் நம் சோளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய முத்துள்ள சோளம், கொறிக்க வறுத்த சோளம். புளிப்பு நாக்கைச் சுண்டும்போது சர்க்கரைவள்ளியை ஒரு கடி கடித்தால் அடங்கும். அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, விட்டுவிடாதீர்கள். அடியில் தேங்கும் வெள்ளைச் சாற்றுக்கு லெச்சே தே திக்ரே என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் புலிப்பால். நமக்குப் புலிப்பால் என்றால் காட்டுக்குப் போன ஐயப்பன்தான் ஞாபகம் வருவார். அவர்கள் அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தனியாகவே விற்கிறார்கள். முதல் நாள் குடித்த போதை தெளிய அதுதான் மருந்து என்கிறார்கள்.

சாப்பிடலாமா என்றால், என் பதில்: சாப்பிடலாம், ஆனால் முதல் வாரம் வேண்டாம். எலுமிச்சைச் சாறு மீனை வெள்ளையாக்கும், இறுக்கும். பார்த்தால் வெந்தது போலவே இருக்கும். ஆனால் தீயில் வேகும்போது கிருமியும் புழுவும் சாவது போல அதில் சாகும் என்று நம்பக்கூடாது. 1991ல் பெருவில் காலரா பரவியபோது அந்த ஒரே வருஷத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். தண்ணீரோடு பச்சைக் கடல் உணவின் மேலும் பழி விழுந்தது. செவிச்சே கடைகள் ஈயாடின. இன்றைக்கு நிலைமை வேறு. 2023ல் யுனெஸ்கோ செவிச்சேயைப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இருந்தாலும் மூன்று வாரம் வேலைக்குப் போகிறவருக்கு வயிறுதான் முதல் பாஸ்போர்ட். மத்தியானம் பன்னிரண்டரைக்கு உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையைப் பாருங்கள். அங்கே மீன் தட்டில் தூங்காது. கர்ப்பமாக இருப்பவர்களும் சர்க்கரை, ஈரல் தொந்தரவுக்கு மருந்து எடுப்பவர்களும் பச்சை மீனை விட்டுவிடுவது நல்லது. கொஞ்சாஸ் நெக்ராஸ் என்கிற கறுப்புச் சிப்பியை மட்டும் யார் எவ்வளவு புகழ்ந்தாலும் நான் தொடமாட்டேன். சேற்றில் இருக்கும் சிப்பியைப் பச்சையாகத் தின்னும் தைரியம் எனக்கு வரவில்லை.

முதல் வாரத்துக்கு வெந்தது ஏராளமாக இருக்கிறது. சுதாதோ என்பது தக்காளி, வெங்காயம், மிளகாயோடு மூடி வேக வைத்த மீன். குழம்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சோற்றில் ஊற்றிப் பிசையலாம், மனம் ஆறும். பரிவேலா என்பது நண்டு, சிப்பி, கணவாய், மீன் எல்லாம் போட்ட செக்கச்செவேல் சூப். ஒரு சட்டி இரண்டு பேருக்குக் காணும். ஹலேயா என்றால் பொரித்த கடல் உணவுக் குவியல், கூடவே பொரித்த மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தோம் என்று சொல்லும் கிழவி நம்மில் எந்த வீட்டில் இல்லை? அந்தக் கிழங்குக்கே தாய்வீடு தென் அமெரிக்காதான். மிளகாய், பப்பாளி, சோளம், சர்க்கரைவள்ளி, தக்காளி, கடலை, கொய்யா என்று லயத்து வீட்டுக் கொல்லையில் இருந்த பாதிச் செடிகள் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இவ்வளவு ஏன், நம் தாத்தாக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த ரப்பர் பால் மரமே அமேசான் காட்டு மரம். 1876ல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூரில் வந்து இறங்கின.

கயாவோவுக்கே சொந்தமான பதார்த்தம் ஒன்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். சொரித்தோஸ் அ லா சலாக்கா. சலாக்கோ என்றால் கயாவோக்காரன். கடல் சிப்பியை அவித்து, ஒரு பக்க ஓட்டிலேயே வைத்து, மேலே பொடியாக வெட்டிய வெங்காயம், தக்காளி, சோளம், மிளகாய், எலுமிச்சைச் சாறு. சிப்பி வெந்தது, மேலே இருப்பது பச்சைக் காய். அதனால் கடை சுத்தமாக இருக்க வேண்டும். ஒரே வாயில் ஓட்டோடு தூக்கிக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும், முள்கரண்டி எடுத்தால் சிரிப்பார்கள். பந்தாட்டப் பைத்தியம் யாராவது வீட்டில் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: தலைகீழாகப் பாய்ந்து பந்தை உதைக்கும் அந்த உதைக்கும் பெருவில் சலாக்கா என்றுதான் பெயர்.

மீன் ருசிக்குக் காரணம் கடல். கயாவோ வெப்ப மண்டலத்தில் இருந்தாலும் அங்கே கடல் தண்ணீர் சில்லென்று இருக்கும். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் ஆழத்துச் சத்தையெல்லாம் மேலே கிளப்பிவிடுகிறது, மீன் பெருகுகிறது. லெங்குவாதோ விலை கூட. பொனித்தோ, ஹுரேல் இரண்டும் மலிவு. ஹுரேல் நம் சிலார் மீனுக்குச் சொந்தக்காரன், வறுத்தால் வீட்டு வாசனை அடிக்கும். பட்டியலில் மீன் பெயர் போடாமல் வெறும் "மீன்" என்று மட்டும் இருந்தால், இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற கடையில் மரவள்ளிப் பொரியலைத் தின்றுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து மாடும் பன்றியும். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவது. "கார்னே இல்லாமல்", அதாவது கறி இல்லாமல், என்று கேட்டால் போதும் என்று நினைப்போம். அவர்கள் கணக்கில் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறி. கோழியும் ஹாமும் அந்தக் கணக்கில் சேராது, கேட்டுவிட்டு ஹாம் போட்டுக் கொண்டு வருவார்கள். இந்த வரியை மனப்பாடம் பண்ணுங்கள்: "நோ கோமோ ரெஸ் நி சான்ச்சோ." மாடும் சாப்பிடமாட்டேன், பன்றியும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். தெருவோரம் கரியில் வாட்டும் அந்திகூச்சோ, நம் சத்தே போலவே மணக்கும். மாட்டு இதயம், தங்கச்சி, கிட்டே போகாதீர்கள். சிச்சரோன் என்று மட்டும் எழுதியிருந்தால் பன்றி, அதற்குப் பின்னால் பெஸ்காதோ என்று இருந்தால் மீன், கலமார் என்று இருந்தால் கணவாய். பயறுச் சாற்றில் பன்றிக் கொழுப்பு போடும் கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். விரத நாள் வந்தால் கவுசா கேட்கலாம், மசித்த உருளைக்கிழங்கை மஞ்சள் மிளகாயும் எலுமிச்சையும் போட்டுப் பிசைந்து அடுக்கியது. நடுவில் கோழியோ டின் மீனோ வைப்பார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கினிப்பன்றியைக் காட்டி உங்களைப் பயமுறுத்தக் கூட வேலை செய்பவர்கள் கட்டாயம் முயற்சி பண்ணுவார்கள். அது மலைநாட்டுச் சாப்பாடு, கடற்கரையில் உங்கள் தட்டுக்குத் தானாக வராது.

ராத்திரிக்கு என்ன செய்வது? அதற்குத்தான் சீஃபா இருக்கிறது. பெருவின் சீனக் கடைக்கு அந்தப் பெயர். 1849லிருந்து 1874 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கரும்புத் தோட்டம், பறவை எச்சம் வெட்டும் தீவுகள், ரயில் பாதை. கங்காணி கூட்டி வந்து, கடன் கணக்கு எழுதி, லயத்தில் அடைத்த நம் கதையைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதை புதிதாக இருக்காது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் நகரத்தில் கடை போட்டார்கள். இன்றைக்கும் பெருக்காரர்கள் இஞ்சியைக் கியோன் என்றும் சோயா சாற்றைச் சியாவோ என்றும் கான்டனீஸ் வாடையோடுதான் சொல்கிறார்கள். சாவ்ஃபா என்று கேட்டால் வருவது சுடச்சுட நாசி கோரேங். பன்றித் துண்டு போடுவது வழக்கம் என்பதால் "சாவ்ஃபா தே மரிஸ்கோஸ்" என்று கடல் உணவு போட்டதைக் கேளுங்கள், மேலே சொன்ன வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் ஊர் ஞாபகம் வந்து அழுகை முட்டும்போது இதுதான் கைகொடுக்கும்.

இடம் என்று பார்த்தால் கயாவோவில் லா புந்தா. கடலுக்குள் விரல் நீட்டியது போன்ற ஒரு முனை. மணலுக்குப் பதில் கூழாங்கல் கரை. பழைய மரவீடுகள், அவற்றின் கீழே சாப்பாட்டுக் கடைகள். போகும் வழியில் ரெயால் ஃபெலிப்பே கோட்டை. 1746ல் நில நடுக்கமும் கடல் பொங்கலும் சேர்ந்து ஊரையே துடைத்த பிறகு கட்டியது. அலுவலகத்தில் யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, வாடகைக் காரில் போய் வாடகைக் காரிலேயே திரும்புங்கள். துறைமுக வாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் இருட்டிய பிறகு நடக்கவே வேண்டாம், கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அதற்கும் மத்தியானச் சாப்பாடுதான் தோது.

வேலை நாளில் விலை மலிவாக முடிக்க ஒரு வழி உண்டு. பெருவில் மெனு என்றால் விலைப்பட்டியல் இல்லை. அன்றைய கட்டுச் சாப்பாடு: முதலில் ஒரு சின்னத் தட்டு அல்லது சூப், அப்புறம் முக்கியச் சாப்பாடு, ஒரு குவளை பானம், எல்லாம் ஒரே விலை. விலைப்பட்டியல் வேண்டுமென்றால் லா கார்த்தா என்று கேட்க வேண்டும். பட்டியலைப் பார்த்துத் தனித்தனியாக எடுத்தால் காசு எகிறிவிடும். பானத்துக்குச் சீச்சா மொராதா கேளுங்கள். கருநீலச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சியது, போதை கிடையாது. பிஸ்கோ சவர் என்று நுரையோடு வருவது போதை உள்ளது, பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் பழக நினைத்தால் பச்சை மீனில் ஆரம்பிக்காதீர்கள். புழு சாக மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும் என்பது கணக்கு, நம் வீட்டு ஐஸ் பெட்டியை அதற்கு நம்ப முடியாது. பக்கத்து நாடான ஈக்குவடோரின் குயாகில் துறைமுகத்து முறையைச் செய்யுங்கள். அங்கே இறால் செவிச்சேக்கு இறாலை வேக வைத்தேதான் போடுவார்கள். சந்தையில் வாங்கிய வெள்ளை இறாலைக் கொதிநீரில் காட்டி எடுத்து ஆறவிட்டு, வெங்காயம், தக்காளி, மல்லித்தழை, லிமாவ் நிப்பிஸ் சாறு, கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு. மேலே சோளப்பொரி தூவிச் சாப்பிட வேண்டும். போன தீபாவளிக்கு மறுநாள் இதைச் செய்து பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கிண்ணம் நீட்டினேன். "ஏன்டா, படம் பார்க்கப் போறப்ப திங்கிற பொரியை யாராவது இறால்ல போடுவாங்களா?" என்று கேட்டார். கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் ஒரு துளி சாறு கூட இல்லை. அவர் வீட்டுப் பேரன் மட்டும் பொரியைத் தனியாகப் பொறுக்கித் தின்றானாம்.

கடைசியாகச் சம்பல் போத்தல். வேண்டாம், அந்த எடைக்கு வேறு ஏதாவது வையுங்கள். அங்கே சாப்பாடு தானாகக் காரமாக வராது, ஆனால் மேசைக்குச் சின்னக் கிண்ணத்தில் அரைத்த மிளகாய் வரும். வராவிட்டால் "அஹீ" என்று சொன்னால் போதும். அஹீ அமரில்லோ என்றால் மஞ்சள் மிளகாய் என்று அர்த்தம், பார்த்தால் ஆரஞ்சு நிறம், வாசனை அதிகம், காரம் மிதம். ரொகோத்தோ என்பது சின்னத் தக்காளி போல உருண்டையாக இருக்கும், விதை கறுப்பாக இருக்கும். இனிக்கும் மிளகாய் என்று நினைத்து நான் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் நிற்க ஐந்து நிமிஷம் சர்க்கரைவள்ளியை மென்றேன். சிலி பாடியை வெறும் வாயில் கடிக்கிறவன் நான்.

தேயிலைத் தூளை மட்டும் மறக்காதீர்கள். அங்கே தேநீர் என்றால் வெந்நீரில் ஒரு பொட்டலத்தை முக்கித் தருவார்கள், சாயமே இறங்காது. பாலுக்குக் கவலை இல்லை: கெட்டியாகக் காய்ச்சிய டின் பால் பெருவில் மூலைக்கடையிலும் கிடைக்கும், நாம் தே தாரேக்கில் ஊற்றுவது போன்றதே. இரண்டு குவளையும் ஒரு வடிகட்டியும் இருந்தால் தங்கும் அறையிலேயே ஆற்றிக்கொள்ளலாம்.